ரூன்ஸ்கேப்: சும்மா கிடைத்த மாட்டின் பல்லைப் பார்க்கலாமா?

நாமக்கல்லுக்குப் பக்கத்தில் புதன்சந்தை என்று ஓர் ஊர் இருக்கிறது. மாட்டுச் சந்தைக்குப் பெயர் போன ஊர். மாடு வாங்க வருகிறவர் முதலில் மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். பல்லை வைத்தே வயதைச் சொல்லிவிடுவார்கள். விலை பேசுவதெல்லாம் அப்புறம்தான். ஆனால் தானமாக வந்த மாட்டை மட்டும் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று ஒரு பழமொழி உண்டு. சும்மா கொடுத்தவரைச் சந்தேகப்படுவது மரியாதை இல்லையாம்.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற விளையாட்டுகளுக்கு இந்தப் பழமொழி பொருந்துமா? அதைத் தெரிந்துகொள்ள ரூன்ஸ்கேப்பை விட நல்ல உதாரணம் கிடைக்காது. 2001-லிருந்து ஓடிக்கொண்டிருக்கும் விளையாட்டு. உலகத்தில் மிகப் பிரபலமான இலவச ஆன்லைன் ரோல்-பிளேயிங் விளையாட்டு என்று கின்னஸ் புத்தகத்தில் இடம் பிடித்தது. சேலம், நாமக்கல் பக்கத்து பிரவுசிங் சென்டர்களில் உட்கார்ந்து ஆடுவதற்கென்றே செய்தது போன்ற விளையாட்டும் கூட.

எப்படி வந்தது?

பலர் ஒரே கற்பனை உலகத்தில் சேர்ந்து ஆடும் வழக்கம் 1978-ல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. ராய் ட்ரப்ஷா, ரிச்சர்ட் பார்ட்டில் என்ற இரண்டு மாணவர்கள் 'மட்' என்ற விளையாட்டை எழுதினார்கள். அதில் படமே கிடையாது, எல்லாம் எழுத்துதான். 'வடக்கே போ', 'கத்தியை எடு' என்று டைப் செய்ய வேண்டும்.

அந்த வழியில் வந்தவர்தான் ஆண்ட்ரூ கோவர். கேம்பிரிட்ஜில் படித்தவர். தன் சகோதரர்களைச் சேர்த்துக்கொண்டு வீட்டிலேயே எழுதிய ரூன்ஸ்கேப்பை 2001 ஜனவரி 4-ம் தேதி வெளியிட்டார். முதல் வருடம் விளம்பர வருமானத்தில்தான் வண்டி ஓடியது. டாட்காம் நிறுவனங்கள் சரிந்து விளம்பரம் வற்றியதும், 2002 பிப்ரவரியில் மாதக் கட்டணம் கட்டும் 'மெம்பர்' முறை வந்தது. ஆனால் பழைய இலவசப் பகுதியை மூடவில்லை. காசு கட்டினால் பெரிய உலகம், கட்டாவிட்டால் சின்ன உலகம். இந்த ஏற்பாடு இன்று வரை தொடர்கிறது.

2004-ல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டுக்கு மாதம் 14.99 டாலர். அன்றைய மதிப்பில் 650 ரூபாய்க்கு மேல். அதைத் தவிர விளையாட்டை வாங்க வேண்டும், நல்ல கம்ப்யூட்டரும் வேண்டும். ரூன்ஸ்கேப்புக்கு இது எதுவும் தேவைப்படவில்லை.

சேலத்துக்கு ஏன் பொருந்தியது?

காரணம் ஜாவா. அன்று பிரவுசரைத் திறந்து பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால் போதுமாக இருந்தது, விளையாட்டு அதற்குள்ளேயே ஓடியது. எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டியிருக்கவில்லை. பிரவுசிங் சென்டர்காரர் திட்டுவார் என்ற பயமும் இல்லை. கேரக்டர் இங்கிலாந்தில் இருக்கும் செர்வரில் பத்திரமாக இருக்கும். இன்று சேலம் புதிய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஆடியதை நாளை திருச்செங்கோட்டில் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

2005-ல் பிஎஸ்என்எல் டேட்டாஒன் பிராட்பேண்ட் வந்தது. இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை எவ்வளவு பயன்படுத்தினாலும் கணக்கில்லை என்ற திட்டம் அந்தக் காலத்து இளைஞர்கள் பலருக்கு நினைவிருக்கும். அலாரம் வைத்து 2 மணிக்கு எழுந்தவர்கள் எல்லாரும் படிப்பதற்காக எழவில்லை!

மெம்பர் ஆக வேண்டுமென்றால் கிரெடிட் கார்டு வேண்டும். கல்லூரி மாணவனிடம் அது ஏது? அப்பாவிடம் கேட்டால் என்ன கிடைக்கும் என்பது தெரிந்ததே. ஆகவே இந்தப் பக்கத்துப் பையன்கள் இலவச உலகத்தோடு நின்றார்கள்.

முதல் பல்: நேரம்

விளையாட்டில் மரம் வெட்டுதல், மீன் பிடித்தல், சுரங்கம், கொல்லு வேலை, சமையல் என்று பல திறமைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் 99 லெவல் வரை போகலாம். 99-ஐத் தொட மொத்தம் 1,30,34,431 புள்ளிகள் வேண்டும். வேடிக்கை என்னவென்றால், 92-வது லெவலுக்குத் தேவை 65,17,253. அதாவது 92-க்கு வந்தவன் சரியாகப் பாதி வழிதான் வந்திருக்கிறான். கடைசி ஏழு படிகள் முதல் தொண்ணூற்று இரண்டுக்குச் சமம்.

வில்லோ மரம் ஒரு கட்டைக்கு 67.5 புள்ளி தரும். அதை மட்டும் வெட்டி 99-ஐத் தொட வேண்டுமென்றால் 1,93,000 கட்டைகளுக்கு மேல் ஆகும். மணிக்கு 40,000 புள்ளி என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 326 மணி நேரம். தினம் இரண்டு மணி நேரம் ஆடினால் ஐந்து மாதத்துக்கு மேல். பிரவுசிங் சென்டரில் மணிக்கு 20 ரூபாய் என்றால் 6,520 ரூபாய். இலவச விளையாட்டில், ஒரே ஒரு திறமைக்கு!

தெரிந்தே ஏன் வெட்டினார்கள்? இங்கேதான் சேலம், நாமக்கல் மாணவர்களின் கதை வருகிறது. நாமக்கல், ராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகள் மதிப்பெண்ணுக்குப் பெயர் வாங்கியவை. கட்-ஆஃப் 200-க்கு அரை மார்க் குறைந்தால் கல்லூரியே மாறிவிடும் என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். எத்தனை மணி நேரம் படித்தாலும் எத்தனை மார்க் வரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ரூன்ஸ்கேப்பில் அந்தக் கவலை கிடையாது. வெட்டிய ஒவ்வொரு கட்டைக்கும் 67.5 புள்ளி நிச்சயம். உழைப்புக்குத் தவறாமல் கூலி தரும் உலகம் அது. அந்த நிச்சயம்தான் இழுக்கிறது. ஆபத்தும் அதில்தான், ஏனென்றால் அந்தக் கூலியை வெளியே எங்கும் மாற்ற முடியாது.

பால் கறந்ததா?

பல் மட்டும் பார்த்துவிட்டுப் பாலைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. இந்த மாடு பாலும் கொடுத்தது.

முதலாவது, ஆங்கிலம். முகம் தெரியாத கனடாக்காரனோடும் பின்லாந்துக்காரனோடும் பேரம் பேச வேண்டும், அதுவும் வேகமாக டைப் செய்து. இலக்கணம் தப்பினாலும் கவலையில்லை, விலை தப்பினால்தான் நஷ்டம்.

இரண்டாவது, விலை என்றால் என்ன என்ற பாடம். 2007 நவம்பரில் விளையாட்டுக்குள் 'கிராண்ட் எக்ஸ்சேஞ்ச்' என்ற சந்தை திறந்தது. அதுவரை கூட்டத்தில் நின்று கத்தி விற்றவர்கள், இனி விலையைக் குறித்துவிட்டுக் காத்திருக்கலாம். முட்டை ஒருங்கிணைப்புக் குழு 1982-ல் அமைக்கப்பட்டதிலிருந்து அது அறிவிக்கும் விலையை எதிர்பார்த்தே நாமக்கல் கோழிப்பண்ணை வீடுகளில் பொழுது விடியும். அந்த வீட்டுப் பிள்ளைக்கு இந்தச் சந்தை புரிய அரை மணி நேரம் கூட ஆகாது.

மூன்றாவது, இரும்பு. விளையாட்டில் ஓர் எஃகுக் கட்டி செய்ய ஒரு பங்கு இரும்புத் தாதுவும் இரண்டு பங்கு நிலக்கரியும் வேண்டும். தாதுவை வைத்துக்கொண்டு நிலக்கரிக்கு அலைய வேண்டியிருக்கும். சேலத்துக் கஞ்சமலையின் கதையும் இதுதான். தாது உண்டு, பக்கத்தில் நிலக்கரி இல்லை. 1830-களில் ஜோசையா ஹீத் சேலத்துத் தாதுவைப் பரங்கிப்பேட்டைக்குக் கொண்டுபோய் மரக்கரி போட்டு உருக்கிப் பார்த்தார். அந்த ஆலை நிலைக்கவில்லை. இதைப் பாடப்புத்தகத்தில் படிப்பதற்கும், நிலக்கரி தீர்ந்து உலை முன்னால் நின்று தவிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

நான்காவது, ஏமாற்று வேலை. 'உன் கவசத்துக்கு இலவசமாகத் தங்க ஓரம் போட்டுத் தருகிறேன், கொடு' என்பான் ஒருவன். கொடுத்தால் அதோடு மறைந்துவிடுவான். ரூன்ஸ்கேப் ஆடியவர்களில் இந்த வசனத்தைக் கேட்காதவர் இருக்க முடியாது. ஓசிக்கு ஆசைப்பட்டால் என்ன ஆகும் என்பதை நிஜக் காசு போகாமலேயே கற்றுக்கொடுத்த பள்ளிக்கூடம் அது.

இரண்டாம் பல்: யாருடைய காசு?

ஓசி என்ற சொல்லே கம்பெனி ஆட்சியில் வந்தது என்பார்கள். கம்பெனி வேலையாகப் போகும் கடிதம் என்று ஆங்கிலச் சுருக்கெழுத்தில் முத்திரை குத்தினால் தபால் செலவு கிடையாதாம். அனுப்பியவருக்கு இலவசம்தான், ஆனால் தூக்கிச் சுமந்தவனுக்கு யாரோ கூலி கொடுத்துத்தானே ஆக வேண்டும்?

ரூன்ஸ்கேப்பிலும் அப்படித்தான். விளையாட்டுக் காசை நிஜக் காசுக்கு விற்கும் கூட்டம் பெருகியது. திருட்டுக் கிரெடிட் கார்டுகளில் மெம்பர் கணக்குகள் திறக்கப்பட்டன. அதைத் தடுக்க 2007 டிசம்பரிலும் 2008 ஜனவரியிலும் ஜாகெக்ஸ் நிறுவனம் வீரர்களுக்கிடையேயான கொடுக்கல் வாங்கலுக்கே வரம்பு போட்டது. நண்பனுக்கு ஒரு வாளைப் பரிசாகக் கொடுக்கக் கூட முடியாமல் போனது. வாக்கெடுப்புக்குப் பின் 2011 பிப்ரவரியில்தான் பழைய முறை திரும்பியது.

பிறகு நிறுவனமே கடை விரித்தது. 2012-ல் பரிசு தரும் சுழல் சக்கரம் வந்தது. கூடுதலாகச் சுற்ற நிஜக் காசு. அதன் வாரிசாகப் புதையல் பெட்டி வந்தது. 2013-ல் 'பாண்ட்' வந்தது. காசுள்ளவர் அதை வாங்கி விளையாட்டுக்குள் விற்பார், காசில்லாதவர் பல மணி நேரம் உழைத்து அதை வாங்கி மெம்பர் ஆவார். ஒருவரின் பணமும் மற்றவரின் நேரமும் கைமாறும் ஏற்பாடு.

இதன் மறுபக்கம் 2019 செப்டம்பரில் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின் அறிக்கையில் வெளிவந்தது. ஒருவரின் வளர்ந்த மகன் ரூன்ஸ்கேப்பில் செலவழித்தே 50,000 பவுண்டுக்கு மேல் கடனாளி ஆனதாக அந்தக் குழுவிடம் சொல்லப்பட்டது. ஒரு வீரர் மாதத்துக்கு 5,000 பவுண்டு வரை செலவழிக்க இடமிருக்கிறது என்று நிறுவனமே குழுவிடம் தெரிவித்தது. புதையல் பெட்டியை நீக்கலாமா என்று அது வீரர்களிடம் வாக்குக் கேட்டது 2025-ல்தான். வீரர்கள் நீக்கச் சொன்னார்கள்.

மூன்றாம் பல்: மாடு யாருடையது?

சென்னையின் சிஃபி நிறுவனம் ஏ3 என்ற கொரிய விளையாட்டையும், லெவல் அப் நிறுவனம் ராக்னராக் ஆன்லைனையும் 2000-களின் நடுப்பகுதியில் இந்தியாவுக்கென்று தனியாக நடத்தின. இரண்டும் சில வருடங்களில் மூடப்பட்டன. செர்வரை நிறுத்தியதும் வாளும் கவசமும் லெவலும் காற்றோடு போயின. ரூன்ஸ்கேப்பின் மூத்த வடிவமும் 17 வருடம் ஓடி 2018 ஆகஸ்ட் 6-ம் தேதி மூடப்பட்டது. ஒருவர் எத்தனை ஆயிரம் மணி நேரம் கொடுத்திருந்தாலும் கயிறு நிறுவனத்தின் கையில்தான் இருக்கிறது. 

ஆடலாமா, வேண்டாமா?

தமிழ்நாடு 2022-லும் நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டிலும் ஆன்லைன் விளையாட்டுச் சட்டங்கள் இயற்றின. அவை முக்கியமாகக் குறிவைப்பது காசு வைத்துக் காசு ஜெயிக்கும் ஆட்டங்களை. நேரத்தை மட்டும் வாங்கும் விளையாட்டுக்குச் சட்டம் காவல் நிற்காது. அதை ஆடுகிறவரேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

2007-ம் வருடத்து வடிவத்தை மீட்டெடுத்த ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் 2018-லிருந்து செல்போனிலும் கிடைக்கிறது. இலவசப் பகுதியும் உண்டு. பிரவுசிங் சென்டர்காரர் வந்து 'டைம் முடிஞ்சுது தம்பி' என்று தோளைத் தட்டிய காலம் போய்விட்டது. அந்த 20 ரூபாய் அன்று பாரமாகத் தெரிந்திருக்கும். ஆனால் எழுந்து வீட்டுக்குப் போகச் சொன்னதும் அதே 20 ரூபாய்தான்.

ஆகவே ரூன்ஸ்கேப் ஆடத் தகுந்ததுதான். நண்பர்களோடு, மாதத்துக்கு இத்தனை மணி நேரம் என்று கணக்கு வைத்து, கார்டைத் தொடாமல் ஆடினால் இத்தனை வருடத்து உழைப்பில் உருவான ஓர் உலகம் சும்மாவே கிடைக்கிறது. 99-ஐத் துரத்த ஆரம்பித்தால் கணக்கு வேறு. 92-ல் நின்று திரும்பிப் பார்க்கிறவனுக்கு இன்னும் பாதி வழி மீதி இருக்கிறது.

தானமாக வந்த மாட்டின் பல்லைப் பார்ப்பது மரியாதைக் குறைவாக இருக்கலாம். ஆனால் தீவனம் போடப் போகிறவர் பார்த்துத்தான் ஆக வேண்டும்.