சித்தூர் மிட்டாயும் ஒரு ட்ரே குக்கீயும்

போன சனிக்கிழமை பொண்ணு பள்ளிக்கூடத்துல பலகார விற்பனை. "முறுக்கு வேணாம்ப்பா, குக்கீ செஞ்சு குடு"ன்னு உத்தரவு. பழம், முந்திரி, வெள்ளை சாக்லேட் எல்லாம் போட்டு, மாவைக் கரண்டியால அள்ளி ட்ரேயில விடற ரகம். கடையில வெள்ளை சிப்ஸ் பாக்கெட்டை எடுத்தா, மேல ஹெர்ஷின்னு பேரு. அங்கேயே கொஞ்ச நேரம் நின்னுட்டேன்.

எங்க ஊரு புத்தலப்பட்டு. சித்தூர்ல இருந்து திருப்பதி போற ரோட்டுல இருக்கு. வீட்டுல தமிழ், வாசல் தாண்டினா தெலுங்கு. (1911ல சித்தூர் மாவட்டம் வர்றதுக்கு முன்னாடி எங்க பக்கமெல்லாம் வட ஆற்காடு.) அப்பா சித்தூருக்குப் போயிட்டு வந்தா சட்டைப்பையில நியூட்ரின் மிட்டாய் இருக்கும். 1952ல பி.வி.ரெட்டி சித்தூர்ல ஆரம்பிச்ச கம்பெனி அது. இந்தியா முழுக்க சப்புற மிட்டாய் பக்கத்து டவுன்ல இருந்து போகுதுன்னு எங்களுக்கு ஒரே பெருமை. அந்தக் கம்பெனியை 2006ல கோத்ரெஜ் வாங்கிச்சு. மறு வருஷம் கோத்ரெஜும் ஹெர்ஷியும் கூட்டு சேர்ந்தாங்க. 2012ல கோத்ரெஜ் விலகிடுச்சு, நியூட்ரின் பேரும் ஹெர்ஷியோட போயிடுச்சு.

சரி, குக்கீக்கு வருவோம். அது மட்டும் யாரோடதாம்?

பேரே அமெரிக்காவோடது இல்லைங்க. 'குக்யே'ன்னா டச்சுல சின்ன கேக். நியூயார்க் டச்சுக்காரங்க கையில இருந்தப்ப வந்து ஒட்டிக்கிட்ட வார்த்தை. நமக்கும் அவங்க அந்நியம் இல்ல, 1613ல பழவேற்காட்டுல கோட்டை கட்டினவங்கதான். 1796ல அமெலியா சிம்மன்ஸ் எழுதின அமெரிக்க சமையல் புத்தகத்துல குக்கீ வந்துடுச்சு. திராட்சையும் கொட்டையும் போட்டுக் கரண்டியால விடற குக்கீ 19ஆம் நூற்றாண்டு கடைசியிலயே நியூ இங்கிலாந்து வீடுகள்ல உண்டு. மாவைத் தேய்க்க வேணாம், வெட்ட வேணாம். வேலை மிச்சம்.

அதுல சாக்லேட் துண்டு போட்டுப் பேர் வாங்கினவங்க ரூத் வேக்ஃபீல்டு. மாசசூசெட்ஸ்ல விட்மன் ஊர்ல டோல் ஹவுஸ்னு விடுதி நடத்தினாங்க. சாக்லேட் கரையும்னு நெனச்சுப் போட்டாங்க, கரையல, தற்செயலா வந்ததுன்னு ஒரு கதை சுத்துது. எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. மனையியல் படிச்சு, சமையல் புத்தகம் எழுதின பொம்பளைக்குச் சாக்லேட் எப்படி உருகும்னு தெரியாதா? பொம்பளைங்க கைப்பக்குவம்னா உடனே 'ஏதோ தற்செயல்'னுடறாங்க! 1938ல அந்தச் செய்முறை அவங்க புத்தகத்துல வந்துச்சு. 1939லயே செய்முறையும் டோல் ஹவுஸ் பேரும் நெஸ்லேவுக்குப் போயிடுச்சு.

வெள்ளை சாக்லேட்டும் 1930கள்ல ஐரோப்பாவுல கடைக்கு வந்ததுதான். கொக்கோவோட கருப்புப் பகுதி இருக்காது, வெண்ணெய் மட்டும். அமெரிக்காவுல 2004ல இருந்து அந்தப் பேரைப் போடணும்னா குறைஞ்சது 20% கொக்கோ வெண்ணெய் இருக்கணும். வேற எண்ணெய்ல செஞ்சதுக்கு வெறும் 'வெள்ளை சிப்ஸ்'தான் பேரு. வாங்கறப்ப பின்பக்கம் படிச்சுப் பாருங்க.

கடைசியில நான் வாங்கினது கொக்கோ வெண்ணெய் போட்ட வெள்ளைக் கட்டி. கத்தியால நறுக்கினேன். குருதிநெல்லிக்குப் பதிலா, அம்மா போன தடவை ஊர்ல இருந்து குடுத்தனுப்பின மாம்பழத் தாண்ட்ராவைச் சின்னச் சின்னதா வெட்டிப் போட்டேன் (எங்க பக்கம் மாந்திராவுக்கு அதான் பேரு). கூட முந்திரி. மாவை ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வெச்சேன், இல்லேன்னா வெண்ணெய் உருகி அப்பளமாப் பரவிடும். ஓரம் சிவந்து நடுவுல மெத்துனு இருக்கறப்பவே எடுத்துடணும், ட்ரே சூட்டுல மீதி வேகும். முதல் ட்ரேயில தாண்ட்ரா வெளியில நீட்டிக்கிட்டிருந்த இடமெல்லாம் கருகிடுச்சு. ரெண்டாவதுல மாவுக்குள்ள அமுக்கி விட்டேன், சரியா வந்துச்சு.

விற்பனை மேசையில வைக்க ஒரு அட்டை எழுதணும். "என்ன பேருப்பா போடறது?"ன்னு கேட்டா. சித்தூர் குக்கீன்னேன். "அது எங்க இருக்கு?"ன்னு யாராவது கேட்டா என்ன சொல்றதுன்னு திருப்பிக் கேட்டா. மேப்பை எடுத்து ரெண்டு பேரும் உக்காந்தோம். புத்தலப்பட்டைக் கண்டுபிடிக்க ரொம்பப் பெருசாக்க வேண்டியிருந்துச்சு.