கடல் சூழ்ந்த பதியும் கலங்காத மக்களும்

கடற்கரையில் வாழ்வோர் கடலை நம்பியும் வாழ்வர். அதற்கு அஞ்சியும் வாழ்வர். சாகுபுரம் முதலிய முத்துக்குளித்துறை ஊர்களில் வாழும் அன்பர்கள் இதனை நன்கு அறிவர். கரையில் உள்ளோர்க்கே இந்நிலை என்றால், நாற்புறமும் கடல் சூழ்ந்த சிறு தீவில் வாழ்வோர் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ? இக்கரைக்கு வடகிழக்கே, மன்னார் வளைகுடாவுக்கும் பாக் நீரிணைக்கும் இடையே விளங்கும் இராமேசுவரத் தீவின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

மணலும் பவளப் பாறையும் நிறைந்த இத்தீவில், பெருங்கோயிலுக்கு வேண்டிய கருங்கல் கிடைப்பதில்லை. ஆயினும் சேதுபதி மன்னர்கள் சோர்ந்தாரல்லர். அக்கரையிலிருந்து கடல் கடந்து கல் கொண்டுவரப்பெற்றது. 18-ஆம் நூற்றாண்டில் முத்துராமலிங்க சேதுபதி காலத்தில் உருப்பெற்ற மூன்றாம் பிராகாரம், ஆயிரத்துக்கும் மேற்பட்ட தூண்களுடன் இன்றும் காண்போரை வியப்பில் ஆழ்த்துகிறது. உவர்நீர் சூழ்ந்த நிலத்திலும், திருக்கோயிலினுள் 22 தீர்த்தங்கள் அடியார்களை நீராட்டுகின்றன.

பண்டு யாத்திரிகர் மண்டபத்திலிருந்து படகேறியே பாம்பனை அடைந்தனர். 1914-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் பாம்பன் இருப்புப்பாதைப் பாலம் திறக்கப்பெற்றது. ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நீளமுடைய அப்பாலத்தின் வழியே சென்ற இரயில், தீவின் தென்கிழக்கு முனையாகிய தனுஷ்கோடியை அடைந்தது. அங்கிருந்து கப்பல் வழியே இலங்கையின் தலைமன்னாருக்குச் செல்வர். இரயில் நிலையம், சுங்கச்சாவடி, அஞ்சலகம், பள்ளி, மாதா கோயில் என எல்லாம் அமைந்த ஊராகத் தனுஷ்கோடி விளங்கியது.

1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் நள்ளிரவில் அனைத்தும் மாறின. பெரும்புயலில் கடல் பொங்கி எழுந்து ஊரை விழுங்கிற்று. பாம்பனிலிருந்து சென்ற இரயில் தனுஷ்கோடியை அடையுமுன்னரே அலைவாய்ப்பட்டு, அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரும் மாண்டனர். அவ்விரவில் நூற்றுக்கணக்கானோர் இராமநாதசுவாமி திருக்கோயிலுள் அடைக்கலம் புகுந்து உயிர் தப்பினர். பொங்கிவந்த வெள்ளம் கோயிலின் அருகே வந்து நின்றுவிட்டது என்பர். தனுஷ்கோடிக்குச் செல்லும் வழியில் உள்ள கோதண்டராமர் கோயிலும் புயலுக்குத் தப்பி நின்றது.

பாலத்தின் இரும்பு உத்தரங்களில் பெரும்பாலானவற்றைக் கடல் அடித்துச் சென்றது. கடலில் வீழ்ந்து கிடந்த அவ்வுத்தரங்களே தேடி எடுக்கப்பெற்று மீண்டும் தூண்கள்மேல் ஏற்றப்பட்டன. ஆறு மாதம் வேண்டும் என்று மதிக்கப்பெற்ற பணியை, ஈ. ஸ்ரீதரன் என்னும் இளம் பொறியாளர் தலைமையில் 46 நாள்களில் முடித்தனர். 1988-இல் சாலைப் பாலமும், 2025-இல் புதிய இரயில் பாலமும் திறக்கப்பெற்றன.

தனுஷ்கோடி மட்டும் பழைய நிலையை அடையவில்லை. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசாங்கம் அதனை அறிவித்தது. ஆயினும் மீனவர் சிலர் அம்மணல்திட்டை விட்டு அகன்றாரில்லை. ஓலைக் குடிசைகளில் வாழ்ந்து, மணலைக் கையால் தோண்டி, ஊறிவரும் நன்னீரைப் பருகி, வலைத்தொழிலை மேற்கொண்டனர். இழந்தவை திரும்ப வாரா என்பதை அறிந்தும், எஞ்சியவற்றைக் கொண்டு வாழத் துணிந்ததே அவர்தம் பெருமை.

கடல் கடந்து கல் சுமந்தவர்கள், அக்கல்லின் நிழலில் பின்னாளில் யார் உயிர் பிழைப்பர் என்பதை அறிந்திலர்; இறைவனுக்கென்றே சுமந்தனர். அவர்கள் எழுப்பிய மண்டபமே பல தலைமுறை கழித்து, ஒரு கொடிய இரவில் வீடிழந்தோர்க்கு வீடாயிற்று. திருப்பணிக்கு அளிக்கும் ஒவ்வொரு காசும் ஒவ்வொரு கல்லும், கொடுத்தவர் காணாத காலத்தில், அவர் அறியாத ஒருவர்க்குப் புகலாகக்கூடும். கும்பாபிஷேகம் காணும் அன்பர்கள் இதனை உள்ளத்தில் இருத்துதல் நலம். துன்பக் கடலில் தவிப்போர்க்கு எல்லாம் இறைவன் திருவருள் கரையாக விளங்குவதாக!