நடுக்கடலில் தீப்பிடித்தால் யார் வருவார்?

கேமரன் மலையில் கடலைப் பற்றிப் பேச்சு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஐயாயிரம் அடி உயரம், சுற்றிலும் தேயிலை, குளிர். தானா ராத்தா தேநீர்க் கடையில் எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர், தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், பேச்சை நேரே கப்பலுக்குக் கொண்டுபோனார்.

"எங்கம்மா ரஜுலாவுல வந்தவங்க தம்பி. நான் சிதம்பரத்துல ஊருக்குப் போய்ட்டு வந்தேன். அது பின்னாடி எரிஞ்சு போச்சே, தெரியுமா? நடுக்கடல்ல தீப்பிடிச்சா யாரு வருவா?"

எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. தேடிப் பார்த்ததில் கிடைத்தவைதான் இவை.

இந்த மலையின் தேயிலை வரலாறே கப்பலில் வந்ததுதான். 1929இல் ரஸ்ஸல் என்ற ஆங்கிலேயர் இங்கே போ தோட்டத்தைத் தொடங்கியபோது, காட்டை வெட்டிச் செடி நட்ட கைகளில் பெரும்பாலானவை தமிழ்க் கைகள். 1926இல் கட்டப்பட்ட ரஜுலா சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே பல பத்தாண்டுகள் ஓடியது. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்தபடியே வங்கக் கடலைக் கடந்தவர்கள் ஏராளம். 1970களில் அதன் இடத்துக்கு வந்தது எம்.வி. சிதம்பரம், பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து வாங்கிய கப்பல். 1985 பிப்ரவரியில் வங்கக் கடலில் அது தீப்பற்றியது. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தப் பயணிக் கப்பல் சேவையும் அதோடு முடிந்தது.

அப்போது இந்தியக் கடலோரக் காவல் படைக்கு அதிக வயதாகவில்லை. அதற்கான சட்டம் 1978இல்தான் வந்தது. கடலில் எண்ணெய் கொட்டினால் அதைக் கவனிக்கும் பொறுப்பு 1986இல் அந்தப் படைக்குத் தரப்பட்டது. அரசாங்கங்களை உசுப்பியது பெரும்பாலும் எண்ணெய்தான். மலாக்கா நீரிணைப் பக்கமும் கதை அதுவே. 1975இல் ஷோவா மாரு என்ற ஜப்பானிய எண்ணெய்க் கப்பல் சிங்கப்பூர் அருகே தரைதட்டியது. 1981இல் ஜப்பான் தரப்பு கொடுத்த 40 கோடி யென்னை வைத்து மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர் மூன்றும் சேர்ந்து ஓர் அவசர நிதியை உருவாக்கின. நிதி வர ஆறு வருஷம்.

இந்தியாவில் இதற்கென்றே கட்டிய கப்பல் வர இன்னும் தாமதமானது. 2010இல் மும்பையில் சமுத்திர பிரஹரி, 2012இல் விசாகப்பட்டினத்தில் சமுத்திர பஹரேதார், 2016இல் சமுத்திர பாவக். மூன்றையும் கட்டிய குஜராத்தின் ஏபிஜி நிறுவனம் பிறகு திவாலாகிவிட்டது; அது தனிக் கதை. பஹரேதார் என்றால் காவலாளி. நம்மூர் பாராக்காரர்தான்!

சுமார் 94 மீட்டர் நீளம். பக்கவாட்டில் நீளும் கைகளால் மிதக்கும் எண்ணெயை வளைத்து இழுக்கும், உறிஞ்சித் தொட்டியில் சேர்க்கும். எண்ணெய் பரவாமலிருக்க மிதவை வேலி போடும். எரியும் கப்பல் மீது தூரத்தில் நின்றே தண்ணீரும் நுரையும் பீய்ச்சும். ஹெலிகாப்டர் இறங்கத் தளமும் உண்டு. துடைப்பம், தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ் மூன்றும் ஒன்றாக மிதப்பதாக வைத்துக்கொள்ளலாம்.

பெரியவரின் கேள்விக்குப் பொருத்தமான நாள் 2020 செப்டம்பர் 3. குவைத்திலிருந்து பாரதீப்புக்கு 2,70,000 டன் கச்சா எண்ணெயோடு போன நியூ டயமண்ட், இலங்கையின் அம்பாறைக் கரைக்கு அப்பால் தீப்பற்றியது. கரையில் திருக்கோவில், பொத்துவில் என வரிசையாக மீனவ ஊர்கள். பஹரேதார் போனது, இந்திய, இலங்கைக் கடற்படைக் கப்பல்களும் இழுவைக் கப்பல்களும் போயின. அணைத்த தீ மறுபடி பிடித்தது, மறுபடி அணைத்தார்கள். 23 மாலுமிகளில் ஒருவர் இறந்தார். கச்சா எண்ணெய் கடலில் கலக்கவில்லை. கலந்திருந்தால் அந்த ஊர்கள் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

ஆக, வருவார்கள். ஆனால் எதுவரை வருவார்கள்?

2017 ஜனவரி 28 அதிகாலை, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிளும் டான் காஞ்சிபுரமும் மோதின. எண்ணெய்க் கசிவே இல்லை என்பதுதான் முதலில் வந்த பேச்சு. பிறகு 20 டன் என்றார்கள். கடலோரக் காவல் படையின் பின்னாளைய கணக்கு ஏறக்குறைய 196 டன். கரைக்கு வந்த எண்ணெய் பாறை இடுக்குகளில் தார் மாதிரி அப்பிக்கொண்டது. அவ்வளவு ஆழமில்லாத இடத்துக்குப் பெரிய கப்பல் வர முடியாது. உறிஞ்சும் இயந்திரங்களுக்கும் அந்தக் குழம்பு மசியவில்லை. கடைசியில் என்ன நடந்தது என்பதை நாமெல்லாம் படத்தில் பார்த்தோம். மாணவர்களும் மீனவர்களும் வரிசையாக நின்று வாளியில் அள்ளினார்கள். அதை வைத்து மீம் போட்டுச் சிரித்தவர்களில் நானும் ஒருவன், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. சென்னையில் மீன் வாங்க ஆளில்லாமல் போன அந்த நாட்களில் மீனவக் குடும்பங்கள் எப்படிச் சமாளித்தன என்பது மீமில் வரவில்லை.

2025 மே மாதம் கேரளக் கடலில் எல்சா 3 மூழ்கியபோது மும்பையிலிருந்து பிரஹரி அனுப்பப்பட்டது. 24 மாலுமிகளும் பிழைத்தார்கள். ஆனால் கண்டெய்னர்களிலிருந்து கொட்டிய பிளாஸ்டிக் குருணை கன்னியாகுமரிக் கரைவரை ஒதுங்கியது. குருணையை உறிஞ்சும் கைகள் எந்தக் கப்பலிலும் இல்லை. மணலில் குந்தி உட்கார்ந்து, சல்லடையில் சலித்துத்தான் எடுக்க வேண்டும். நாலு வருஷத்துக்கு முன் எக்ஸ்பிரஸ் பேர்ள் எரிந்தபோது இலங்கைக் கரையில் பெண்கள் அப்படித்தான் சலித்தார்கள்.

அடுத்த முறை மலைக்குப் போனபோது பெரியவரிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப கப்பல் வருது. கூட்டி அள்ளுறது மட்டும் நம்மாளுங்க" என்றார். பிறகு, "ரஜுலாவுலயும் அப்படித்தான். டெக்கு கழுவுன தண்ணி எங்கம்மா படுத்திருந்த பக்கம்தான் வருமாம்."