கறுப்புத் திரைக்குப் பின்னால் என்ன இருந்தது?

பேயும் காதலும் கலந்த நாவலைப் படித்து முடித்துவிட்டு, 'சே, இதுக்கா இவ்வளவு பக்கம்?' என்று புத்தகத்தைத் தூக்கிப் போட்ட அனுபவம் உங்களில் பலருக்கும் இருக்கும். எனக்கு அப்படி வாய்த்ததிலேயே பெரிய ஏமாற்றம் 1794-ல் லண்டனில் வெளிவந்த ஒரு நாவல். ஆன் ராட்கிளிஃப் எழுதிய 'தி மிஸ்டரீஸ் ஆஃப் உடால்ஃபோ'. நான்கு பாகம். முடிக்க எனக்கு ஒன்றரை மாதம் ஆனது. முடித்த அன்று எரிச்சல்தான் மிச்சம். அப்புறம் அந்தக் காலத்து விமர்சனங்களைத் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, இந்த எரிச்சலுக்கு இருநூறு வருஷத்துக்கு மேல் வயசு. அந்த எரிச்சல் சும்மாவும் போகவில்லை, அதிலிருந்து வேறு சில நாவல்களே பிறந்திருக்கின்றன. அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

முதலில் நாவலைப் பற்றிக் கொஞ்சம். கதை நடப்பது 1584-ல். நாயகி எமிலி, பிரான்சின் கேஸ்கனிப் பகுதியைச் சேர்ந்தவள். அப்பா அம்மா இருவரையும் இழந்து, அத்தையின் பாதுகாப்பில் வருகிறாள். அந்த அத்தை மோன்டோனி என்ற இத்தாலியனைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். எமிலியின் காதலன் வாலன்கூர் பிரான்சிலேயே நின்றுவிட, மோன்டோனி இரண்டு பெண்களையும் அப்பென்னைன் மலைகளில் இருக்கும் உடால்ஃபோ கோட்டைக்குக் கொண்டுபோகிறான். இடிந்த சுவர்கள், நீண்ட தாழ்வாரங்கள், வெளிப்பக்கம் தாழ் போட்ட கதவுகள். அந்தக் கோட்டைக்கு முன்பு சொந்தக்காரியாக இருந்த லாரென்டினி என்பவள் திடீரென்று காணாமல் போய்விட்டாள் என்று வேலைக்காரப் பெண் ஒருத்தி கதை சொல்கிறாள்.

கோட்டையின் ஓர் அறையில், கறுப்புத் துணி போட்டு மூடிய ஏதோ ஒன்று சுவரில் இருக்கிறது. படமாக இருக்கும் என்று நினைத்து எமிலி துணியை விலக்குகிறாள். பார்த்த மாத்திரத்தில் மயங்கி விழுகிறாள். அது படம் இல்லை என்று மட்டும் நமக்குச் சொல்லப்படுகிறது. என்ன பார்த்தாள் என்று சொல்லப்படவே இல்லை.

இது நடப்பது இரண்டாம் பாகத்தில். விடை கிடைப்பது நான்காம் பாகத்தின் கடைசிப் பகுதியில். நடுவில் எமிலி அதை நினைத்து நினைத்து நடுங்குகிறாள், நாமும் கூடவே நடுங்குகிறோம். லாரென்டினியின் பிணம்தான் என்று மனசுக்குள் முடிவே கட்டிவிடுகிறோம். கடைசியில் ஒரு பத்தியில் விஷயம் முடிந்துவிடுகிறது: அது மெழுகு பொம்மை. அழுகி, புழு வைத்த பிணத்தைப் போலச் செய்த மெழுகு உருவம். எப்போதோ அந்தக் கோட்டையை ஆண்ட பிரபு ஒருவர் திருச்சபையைப் பகைத்துக்கொண்டதற்குத் தண்டனையாக, தினமும் அதைப் பார்த்து மரணத்தைத் தியானிக்க வேண்டுமாம். எமிலி இன்னொரு தரம் தைரியமாகப் பார்த்திருந்தால் மெழுகு என்று தெரிந்திருக்கும் என்று ஆசிரியரே சொல்லிவிடுகிறார். லாரென்டினி? அவள் சாகவே இல்லை. ஒரு கன்னியர் மடத்தில் ஆக்னஸ் என்ற பெயரில் இருந்தவள் அவள்தான்.

மற்றவையும் இதே ரகம். மோன்டோனி பேசும்போது எங்கிருந்தோ வந்த அசரீரி, சுவருக்குள் இருந்த ரகசிய வழியில் நடமாடிய ஒரு கைதியின் குரல். பேய் பிடித்த அறையில், இறந்தவளின் கட்டில் விரிப்புக்கு அடியிலிருந்து எழுந்த முகம், கொள்ளையடித்ததை அங்கே பதுக்கி வைத்த கடல் கொள்ளையனின் முகம். காதல் பக்கமும் ஏமாற்றம்தான். பாரிஸுக்குப் போன வாலன்கூர் சூதாடிக் கடனாளியாகிச் சிறைக்குப் போய், பேரைக் கெடுத்துக்கொண்டு வந்து நிற்கிறான். 'இவனுக்காகவா இவள் இத்தனை பாகம் அழுதாள்?' என்று நான் சத்தமாகவே கேட்டேன்.

பேய் மாதிரி காட்டிவிட்டுக் கடைசியில் இயற்கையான காரணம் சொல்லும் இந்த முறைக்கு இலக்கிய வரலாற்றில் 'விளக்கப்பட்ட அமானுஷ்யம்' என்று பெயர். ராட்கிளிஃப் அதில் பேர் போனவர். வாசகர்கள் அன்றைக்கே முணுமுணுத்தார்கள். நாவல் வந்த அதே 1794-ல் 'கிரிட்டிக்கல் ரிவ்யூ' இதழில் பெயர் போடாமல் வந்த விமர்சனம், ஆர்வத்தை இவ்வளவு உயரத்துக்கு ஏற்றிவிட்டால் எந்த விடை கொடுத்தாலும் சப்பென்றுதான் இருக்கும் என்ற பொருளில் குறைப்பட்டது. முப்பது வருஷம் கழித்து, 1824-ல், ராட்கிளிஃப் நாவல்களின் தொகுப்புக்கு முன்னுரை எழுதிய வால்டர் ஸ்காட் அவரை மனசாரப் புகழ்ந்துவிட்டு, இந்த ஒரு இடத்தில் மட்டும் விடவில்லை. பயந்ததற்கு நாமே வெட்கப்படும்படி ஆகிவிடுகிறது என்பது அவருடைய புகார்.

சரி, பேயை நிஜமாகவே காட்டியிருந்தால் வாசகர்களுக்குத் திருப்தி கிடைத்திருக்குமா? அதற்கும் பதில் இருக்கிறது. முப்பது வருஷம் பின்னால் போக வேண்டும்.

1764 டிசம்பரில் ஹொரேஸ் வால்போல் 'தி காஸில் ஆஃப் ஓட்ரான்டோ' என்ற நாவலை வெளியிட்டார். பழைய இத்தாலிய நூலின் மொழிபெயர்ப்பு என்று சொல்லி, வேறு பெயரில். முதல் காட்சியிலேயே வானத்திலிருந்து ராட்சதத் தலைக்கவசம் விழுந்து, கல்யாண மாப்பிள்ளை நசுங்கிச் சாகிறான். சுவரில் தொங்கும் ஓவியத்திலிருந்து தாத்தா இறங்கி நடக்கிறார். எதற்கும் விளக்கம் கிடையாது. புத்தகம் நன்றாக விற்றது. 1765-ல் இரண்டாம் பதிப்பில், 'எழுதினது நான்தான்' என்று வால்போல் ஒப்புக்கொண்டதும் 'மன்த்லி ரிவ்யூ' இதழ் கட்சி மாறியது. பழங்காலத்து நூல் என்றால் மன்னிக்கலாம், இந்தக் காலத்து ஆள் இப்படி எழுதலாமா என்று. பேய் அதே பேய்தான், முகவரி மட்டும்தான் மாறியது!

அடுத்து ஏமாந்தவர் கிளாரா ரீவ். 1777-ல் வேறு தலைப்பில் வந்து, 1778-ல் 'தி ஓல்ட் இங்கிலிஷ் பேரன்' என்று பெயர் மாறிய அவருடைய நாவலின் முன்னுரை, சொல்லப்போனால் வால்போலைப் படித்து ஏமாந்த ஒரு வாசகியின் கடிதம்தான். நூறு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய வாள், நடக்கும் ஓவியம் என்று அளவு மீறிப் போனதால் பயம் வருவதற்குப் பதில் சிரிப்பு வந்துவிட்டது என்கிறார். அதனால் தன் கதையில் பேயை அடக்கமாக, நம்பும்படியான அளவில் வைத்தார். வால்போலுக்கு அது பிடிக்கவில்லை. அதைவிட ஒரு கொலை வழக்கு விசாரணையே சுவாரஸ்யமாக இருக்கும் என்று கடிதத்தில் நக்கலடித்தார். ஆக, பேயைப் பெரிசாகக் காட்டினால் சிரிப்பு, சின்னதாகக் காட்டினால் கொட்டாவி. ராட்கிளிஃப் எழுத வந்தபோது இதுதான் நிலைமை.

அவருக்குப் பிறகு? மேத்யூ லூயிஸ் என்ற இளைஞர் உடால்ஃபோவை ரசித்துப் படித்தவர். 1796-ல் 'தி மங்க்' நாவலை வெளியிட்டபோது அவருக்கு வயது இருபது. அதில் வரும் ஒரு கிளைக்கதை ராட்கிளிஃப்புக்குப் பதில் சொல்வது போலவே எனக்குப் படுகிறது. ஆக்னஸ் என்ற பெண் காதலனோடு ஓடிப்போகத் திட்டமிடுகிறாள். கோட்டையில் 'ரத்தம் சொட்டும் கன்னியாஸ்திரி' பேய் உலவுவதாக ஒரு நம்பிக்கை. அந்தப் பேய் மாதிரி வேஷம் போட்டு வந்தால் காவல்காரன் பயந்து கதவைத் திறந்துவிடுவான் என்பது அவள் யோசனை. ராட்கிளிஃப் கதையாக இருந்தால், பேய் என்று நினைத்தோம், கடைசியில் ஆக்னஸ் என்று முடிந்திருக்கும். லூயிஸ் தலைகீழாக்கினார். காதலன் ஆக்னஸ் என்று நினைத்துத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவது நிஜப் பேயை! வாசகர்கள் விழுந்தடித்துப் படித்தார்கள். ஆனால் நாவலில் இருந்த ஆபாசத்துக்காகவும், பைபிளை இழிவுபடுத்தியதாகவும் எழுந்த கூச்சலில், 1798-ல் பல இடங்களை வெட்டிப் பதிப்பிக்க வேண்டியதாயிற்று.

இந்த ஏமாற்றங்களை எல்லாம் மொத்தமாக எடுத்து ஒரு நாவலாகவே செய்தவர் ஜேன் ஆஸ்டின். 'நார்தாங்கர் ஆபி' நாயகி கேதரினுக்குப் பதினேழு வயது. பாத் நகரத்தில் உட்கார்ந்து உடால்ஃபோ படிக்கிறாள். கறுப்புத் திரைக்குப் பின்னால் இருப்பது எலும்புக்கூடுதான் என்று அடித்துச் சொல்கிறாள். பிறகு காதலனின் வீட்டுக்கு விருந்தாளியாகப் போனதும், ராத்திரி ஒரு பழைய அலமாரியில் சுருட்டி வைத்த காகிதங்கள் கிடைக்கின்றன. அந்த நேரம் பார்த்து மெழுகுவர்த்தி அணைகிறது. இரவெல்லாம் தூக்கமில்லை. காலையில் பார்த்தால், சலவைக் கணக்கு!

இந்த நாவலுக்கு நேர்ந்ததும் ஒரு சோகம்தான். 'சூசன்' என்ற பெயரில் 1803-ல் 10 பவுண்டுக்குப் பதிப்பாளரிடம் விற்றார் ஆஸ்டின். அவர் அச்சிடாமலே வைத்திருந்தார். 1816-ல் அதே 10 பவுண்டைக் கொடுத்து அது திரும்ப வாங்கப்பட்டது. வெளிவந்தது 1817 டிசம்பரில். ஆஸ்டின் அந்த ஜூலையிலேயே இறந்துவிட்டிருந்தார். உடால்ஃபோவுக்கு ராட்கிளிஃப் வாங்கியது 500 பவுண்டு என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆஸ்டின் ராட்கிளிஃப்பைக் கிண்டல் செய்தார் என்று சொல்லி நிறுத்திவிடுவது வழக்கம். எனக்கு அது பாதிதான் சரி என்று தோன்றுகிறது. காதலனின் அப்பா ஜெனரல் டில்னி தன் மனைவியைக் கொன்றிருப்பார் என்று கேதரின் சந்தேகப்படுகிறாள். அது தப்பு, அவமானப்படுகிறாள். ஆனால் கொஞ்ச நாளில், கேதரின் நினைத்த அளவுக்குப் பணக்காரி இல்லை என்று தெரிந்ததும் அதே ஜெனரல் அவளை விடிந்தும் விடியாமலும் வீட்டை விட்டுத் துரத்துகிறார். துணைக்கு ஒரு வேலைக்காரர்கூட இல்லாமல், எழுபது மைல். கொலைகாரன் இல்லை, ஆனால் நல்லவனும் இல்லை. கேதரின் ஆளைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறாள், குற்றத்தைத்தான் தப்பாகப் பிடித்தாள்.

இந்த இடத்தைப் படித்த பிறகுதான் உடால்ஃபோவைத் திரும்ப எடுத்தேன். இந்தத் தடவை திரையை மறந்துவிட்டு, மோன்டோனி என்ன செய்கிறான் என்று மட்டும் கவனித்தேன். அவனுக்கு வேண்டியது ஒரே ஒரு விஷயம்: கையெழுத்து. மனைவியின் பெயரில் பிரான்சில் இருக்கும் சொத்தைத் தனக்கு எழுதிக் கேட்கிறான். அவள் மறுக்கிறாள். கோபுரத்தில் பூட்டி வைக்கிறான், அங்கே நோயில் விழுந்து சாகிறாள். அடுத்து எமிலியின் முறை. சொத்து இப்போது அவளுக்கு வருகிறது, காகிதமும் அவளிடம் வருகிறது. முதலில் உறுதியாக மறுப்பவள், கோட்டையில் திரியும் குடிகாரப் படைவீரர்களிடமிருந்து இனிப் பாதுகாப்பு தரமாட்டேன் என்ற மிரட்டலில் கடைசியில் எழுதிக் கொடுத்துவிடுகிறாள்.

இதற்கு மட்டும் நாவலில் மெழுகு விளக்கம் எதுவும் வருவதில்லை. அசரீரி பொய், திரை பொய், கட்டிலில் எழுந்த முகம் பொய். மாமா நிஜம், பூட்டு நிஜம், காகிதம் நிஜம். அன்றைய இங்கிலாந்தில் பொதுச் சட்டப்படி, கல்யாணமான பெண்ணின் பணமும் பொருளும் கணவனுக்குப் போய்விடும், நிலமும் அவன் நிர்வாகத்துக்குள் வந்துவிடும். முன்கூட்டியே தனி ஏற்பாடு எழுதி வைத்த குடும்பங்களுக்குத்தான் விலக்கு. 1870-லும் 1882-லும் வந்த சட்டங்கள்தான் அந்த நிலைமையை மாற்றின. வாடகை நூலகத்தில் ஒவ்வொரு பாகமாக எடுத்துவந்து படித்த பெண்களுக்கு, எந்தப் பயம் தங்கள் வீட்டிலும் இருக்கிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது.

ராட்கிளிஃப் இதைத் திட்டமிட்டுத்தான் செய்தாரா என்றால், அவருடைய மனசுக்குள் புகுந்து பார்க்க என்னால் முடியாது. ஆனால் வேறொரு சாட்சி இருக்கிறது. 1797-ல் 'தி இத்தாலியன்' வந்த பிறகு உயிரோடு இருந்தவரை அவர் இன்னொரு நாவலை வெளியிடவே இல்லை. 1823-ல் இறந்தார். 1826-ல், அவர் எழுதி வைத்திருந்த 'காஸ்டன் டி பிளாண்டவில்' வெளிவந்தது. அதில் நிஜமான பேய் வருகிறது. வாசகர்கள் இத்தனை வருஷம் கேட்டது கடைசியில் கிடைத்தது. இன்றைக்கு அந்தப் புத்தகத்தை ஆராய்ச்சியாளர்களைத் தவிர வேறு யாரும் தேடுவதில்லை.

அதற்காக அந்த மெழுகு பொம்மையை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். இரண்டு பாகத்துக்கு மேல் காக்க வைத்துவிட்டு ஒரு பத்தியில் முடித்தது மோசம்தான். 1794-ல் விமர்சனம் எழுதியவர் பக்கம்தான் நானும். வாலன்கூர் விஷயத்திலும் சமாதானம் ஆகவில்லை. ஆனால் இப்போதெல்லாம் ஒரு பேய்க்கதை சப்பென்று முடிந்தால், புத்தகத்தைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன். பேய் இல்லை என்று ஆன பிறகும் அந்த வீட்டில் பயப்பட ஏதாவது மிச்சம் இருக்கிறதா? இருந்தால், இன்னொரு தரம் படிக்கலாம்.