போலி க்யூ பிறந்த கதை

அமேசானின் கிளவுட் சேவைகளிலேயே மூத்த தலைமுறையைச் சேர்ந்தது எஸ்.க்யூ.எஸ். 2004 நவம்பரில் சோதனை வடிவில் வந்து, 2006 ஜூலையில் முழுச் சேவையானது. ஒரு புரோகிராம் க்யூ என்னும் வரிசையில் மெசேஜைப் போடும். இன்னொன்று தனக்குத் தோதான நேரத்தில் எடுத்துக்கொள்ளும். நடுவில் அதைப் பத்திரமாக வைத்திருப்பது அமேசானின் பொறுப்பு.

ஓடும் சேவைக்கு வரமான இந்த ஏற்பாடு, டெஸ்ட் எழுதுகிறவர்களுக்குத் தலைவலியானது. ஒவ்வொரு டெஸ்டும் காலி க்யூவில் தொடங்கினால்தான் முடிவை நம்பலாம். ஆனால் ஒரு க்யூவை அழித்தால், அதே பெயரில் மறுபடி உருவாக்க 60 விநாடி காத்திருக்க வேண்டும். எடுத்த மெசேஜை அழிக்காமல் விட்டால், வழக்கமான அமைப்பில் 30 விநாடிக்கு அது யார் கண்ணிலும் படாது. ஒரே க்யூவை இருவர் பகிர்ந்தால், ஒருவர் போட்ட மெசேஜை மற்றவரின் டெஸ்ட் எடுத்துப் போய்விடும். இன்டர்நெட் போனால் எல்லா டெஸ்டும் படுத்துவிடும்.

இதற்கு ஒரு மருந்து ஏற்கெனவே இருந்தது. டிம் மெக்கின்னன், ஸ்டீவ் ஃப்ரீமன், ஃபிலிப் கிரெய்க் மூவரும் 2000-இல் இத்தாலியின் சார்டீனியாவில் நடந்த எக்ஸ்.பி. மாநாட்டில் மாக் ஆப்ஜெக்டுகளைப் பற்றிக் கட்டுரை படித்திருந்தார்கள். நிஜப் பொருளின் இடத்தில் டம்மியை வைத்துச் சோதிக்கும் உத்தி அது. வேகத்துக்குக் குறைவில்லை. ஆனால் நாம் சொல்லிக்கொடுத்த பதிலைத்தான் டம்மி சொல்லும். நம் கோரிக்கை சரியான வடிவில் போய்ச் சேர்ந்ததா, மறைந்திருந்த மெசேஜ் நேரம் முடிந்ததும் திரும்பி வந்ததா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. பல பாகங்களைச் சேர்த்துச் சோதிக்கும் இன்டக்ரேஷன் டெஸ்ட் கேட்பதோ அதைத்தான்.

அதனால் சிலர் போலியை ஆப்ஜெக்டிலிருந்து நெட்வொர்க்குக்கு நகர்த்தினார்கள். எஸ்.க்யூ.எஸ்.ஸுடன் நடக்கும் பேச்செல்லாம் எச்.டி.டி.பி. வழியாகத்தான். அதே கோரிக்கைகளுக்கு அதே வடிவில் பதில் தரும் சர்வர் எதுவானாலும், நம் புரோகிராமைப் பொறுத்தவரை அதுவும் எஸ்.க்யூ.எஸ்.தான். போலந்தின் சாஃப்ட்வேர்மில் நிறுவனத்தைச் சேர்ந்த ஆடம் வார்ஸ்கி, ஸ்காலா மொழியில் எழுதிய எலாஸ்டிக்எம்க்யூ இப்படி வந்ததுதான். க்யூவை மெமரியிலேயே வைத்துக்கொண்டு 9324 போர்ட்டில் காத்திருக்கும். கோடில் மாற வேண்டியது முகவரி மட்டும்; அனுமதிச் சாவி எதுவானாலும் ஏற்றுக்கொள்ளும். டெஸ்ட் தொடங்கும்போது எழுப்பலாம், முடிந்ததும் நிறுத்தலாம். 60 விநாடிக் காத்திருப்பு ஒழிந்தது.

பைத்தான்காரர்களுக்கு மோட்டோ என்ற கருவி வந்தது. அட்லாசியன் நிறுவனத்தில் பிறந்து 2017-இல் பொதுவெளிக்கு வந்த லோக்கல்ஸ்டாக், இப்படிப்பட்ட கருவிகள் பலவற்றை ஒரே டாக்கர் கன்டெய்னரில் சேர்த்துக் கொடுத்தது. கூகுளோ தன் பப்சப் என்னும் மெசேஜ் சேவைக்குத் தானே எமுலேட்டர் தருகிறது.

ஆனால் போலி நல்ல பிள்ளை. நிஜ எஸ்.க்யூ.எஸ்.ஸின் சாதாரண க்யூவில் ஒரே மெசேஜ் இருமுறை வரலாம், வரிசை மாறியும் வரலாம். அனுமதி இல்லையென்றால் கதவே திறக்காது. ஒரே கம்ப்யூட்டரின் மெமரியில் இருக்கும் போலி அந்தக் குறும்புகளைச் செய்வதில்லை. ஆகவே அன்றாட டெஸ்டுகளைப் போலியிடம் ஒப்படையுங்கள். ஒரே மெசேஜ் இருமுறை வரும் நிலைக்கு நீங்களே ஒரு டெஸ்ட் எழுதுங்கள். ரிலீசுக்கு முன் சில டெஸ்டுகளையாவது நிஜ க்யூவில், நிஜ அனுமதிகளோடு ஓட்டிப் பாருங்கள்.