கையில் குழாயா, மாத்திரையா?

செயற்கை முழங்கால் மூட்டில் கிருமி புகுந்துவிட்டால் சீழை எடுத்துக் கழுவுவதோடு வேலை முடியாது. கிருமிகள் உலோகத்தின்மேல் படலமாகப் படிந்துகொள்ளும். வாரக்கணக்கில் மருந்து வேண்டும். அதற்காகப் புதுச்சேரி ஏம்பலத்திலிருந்து கோரிமேட்டு ஜிப்மர் மருத்துவமனைக்கு, நோகும் காலோடு தினமும் பஸ் ஏற முடியாது. ஆறு வாரம் வார்டிலேயே தங்கினால் துணைக்கு இருப்பவரின் கூலியும் போகும். ஆக, சிகிச்சைதான் வீட்டுக்கு வர வேண்டும்.

மேற்கையில் செருகிய நீண்ட குழாய் வழியே நோயாளியே மருந்து ஏற்றிக்கொள்வது ஒரு வழி. பிரிட்டனில் நர்ஸ் கற்றுக்கொடுத்து அனுப்புகிறார்கள். கையைச் சோப்பால் கழுவி, குழாயின் வாயை ஸ்பிரிட் பஞ்சால் அழுத்தித் தேய்த்து, காயவிட வேண்டும். சலைனை 10 மில்லி சிரிஞ்சால் விட்டு விட்டுத் தள்ள வேண்டும். சின்ன சிரிஞ்சில் அழுத்தம் கூடி குழாய் கிழியலாம். வான்கோமைசின் மருந்து ஏற ஒரு மணி நேரமாவது ஆகும். அவசரப்பட்டால் முகமும் கழுத்தும் சிவந்து அரிக்கும். டாப்டோமைசின் இரண்டு நிமிடத்தில் முடியும், ஆனால் குப்பிக்கு ஃபிரிட்ஜ் வேண்டும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மின்சாரம் போன வீடுகளை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. தாமே மருந்து ஏற்றிக்கொள்ளப் பழகுவது பெரிய தடை இல்லை. நம் ஊரில் எத்தனையோ பேர் இன்சுலினைத் தாமே போட்டுக்கொள்கிறார்கள். வாராவாரம் ரத்தப் பரிசோதனையும், மருந்து ஏறியதும் குளிர்நடுக்கம் வந்தால் நடுராத்திரியிலும் எடுக்கப்படும் தொலைபேசியும்தான் முக்கியம்.

இன்னொரு வழி மாத்திரை. அதற்கு வலுவான சான்று 2019இல் வெளியான பிரிட்டனின் ஒவைவா ஆய்வு. எலும்பு, மூட்டுத் தொற்று உள்ள 1,054 பேரில் பாதிப் பேரை முதல் வாரத்துக்குள்ளேயே மாத்திரைக்கு மாற்றினார்கள். ஓராண்டில் சிகிச்சை தோற்றது ஊசிக்காரர்களில் 14.6 சதவீதம், மாத்திரைக்காரர்களில் 13.2. குழாயால் வந்த தொல்லை ஊசிக்காரர்களில் 9.4 சதவீதம், மாத்திரைக்காரர்களில் 1. ஆனால் மாத்திரைக்குக் கட்டுப்படாத கிருமி உள்ளவர்களை அதில் சேர்க்கவே இல்லை. எதிர்ப்பு முற்றிய கிருமிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

மெதிசிலினுக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸுக்கு லினிசோலிட் மாத்திரை உண்டு. இரண்டு வாரம் தாண்டினால் தட்டணுக்கள் குறையலாம். ரிஃபாம்பிசின் படலத்தைத் துளைக்கும், தனியாகக் கொடுத்தால் கிருமி சீக்கிரம் பழகிக்கொள்ளும். மெரோபெனத்துக்கு மட்டுமே கேட்கும் கிருமி என்றால் எட்டு மணிக்கொருமுறை ஊசிதான்.

டிஸ்சார்ஜுக்கு முன் குடும்பத்தார், கிருமி எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று காட்டும் கல்ச்சர் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்க வேண்டும். கிருமி மாத்திரைக்குக் கேட்கும் என்றால் குழாய் எதற்கு என்று டாக்டரிடம் தயங்காமல் கேட்கலாம். ஊசிதான் வழி என்றால், பக்கத்துச் சுகாதார நிலையத்தில் வாரம் ஒருமுறை குழாயின் கட்டை மாற்றி ரத்தம் எடுக்க ஏற்பாடான பிறகே வீட்டுக்குக் கிளம்ப வேண்டும்.