கயிறு இறுகிய விரல்கள்

தானியேல் நூலின் 13-ஆம் அதிகாரத்தைப் படித்தோர் சூசன்னாவை மறத்தல் அரிது. நீராடச் சென்ற அவளை அச்சுறுத்தி இணங்கவைக்க முயன்ற முதியோர் இருவரும் மக்கள் மதித்த நடுவர்கள். ஐரோப்பிய ஓவியர் பலர் இக்காட்சியைத் தீட்டினர். ஆயின் பெரும்பாலோர் அவளது அச்சத்தைவிட அழகையே கண்டனர் என்பது நம் துணிபு. முதியோரின் கண்களை அவர்களும் இரவல் பெற்றனர் போலும்! 1610-இல் உரோமையில் ஆர்த்தமீசியா ஜெந்திலெஸ்கி என்னும் இளம்பெண் தீட்டிய சூசன்னாவோ முகம் சுளித்து, உடலை முறுக்கி, கைகளை உயர்த்தித் தடுக்கின்றாள்.

அடுத்த ஆண்டு, தந்தை ஒராத்சியோவின் தோழரான அகோஸ்தீனோ தாஸ்ஸி என்னும் ஓவியர் ஆர்த்தமீசியாவைக் கெடுத்தார். மணம் முடிப்பதாகச் சொன்ன வாக்கும் பொய்த்தது. 1612-இல் தந்தை திருத்தந்தை ஐந்தாம் சின்னப்பரிடம் முறையிட, வழக்குப் பல திங்கள் நடந்தது. அதே வீட்டில் குடியிருந்த துட்சியா என்னும் பெண்ணைக் கூவியழைத்தும் துணை கிட்டவில்லை என்று ஆர்த்தமீசியா சான்று பகர்ந்தார். அச்சான்று மெய்யா என்றறிய, குற்றஞ்சாட்டப்பட்டவரின் கண்ணெதிரே, அவருடைய விரல்களில் கயிறு சுற்றி இறுக்கினர். தூரிகை பிடிக்கும் விரல்கள் அவை! அந்நிலையிலும் தாம் கூறியது உண்மையே என்று மீண்டும் மீண்டும் உரைத்தார். தாஸ்ஸி குற்றவாளியெனத் தீர்ப்பாயிற்று. தண்டனையோ ஏட்டளவில் நின்றது. வழக்கின் பதிவேடுகள் இன்றும் உரோமை ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

அதன்பின், ஏறத்தாழ 1612-13-இல் அவர் வரைந்ததே யூதித்து ஒலோபெரினைக் கொல்லும் ஓவியம். யூதித்து நூலில் பணிப்பெண் படுக்கையறைக்கு வெளியே காத்து நிற்கின்றாள். கரவாஜியோவின் ஓவியத்தில் அவள் அருகில் நிற்கும் கிழவி. ஆர்த்தமீசியா அவளை இளம்பெண்ணாக்கி, உள்ளே அழைத்து, ஒலோபெரினை அழுத்திப் பிடிக்கும் பணியை அளித்தார். இவ்வோவியத்தைப் பழிவாங்கும் கனவு என்று சுருக்குவோர் பலர். நாம் அதில் முதலில் காண்பது, கூவியபோது வராத துணை வந்து நிற்பதையே.

எனினும் அவருடைய கலை அனைத்தையும் ஒரு காயத்தின் வடுவாகக் கொள்ளுதல் முறையன்று. முதல் சூசன்னா அக்கொடுமைக்கு முற்பட்டவள். யூதித்தும் சூசன்னாவும் அக்காலப் புரவலர் விரும்பிக் கேட்ட பொருள்கள். மணமாகிப் புளோரன்சு சென்ற ஆர்த்தமீசியா 1616-இல் அந்நகர ஓவியக் கழகத்தின் முதல் பெண் உறுப்பினரானார். நாற்பது ஆண்டுகள் தீட்டினார். சூசன்னாவிடம் பலமுறை திரும்பினார்.

புளோரன்சில் தம் முகத்தையே அலெக்சாந்திரியாவின் புனித கத்தரீனம்மாளுக்கு ஈந்து ஓர் ஓவியம் வரைந்தார். 2018-இல் இலண்டன் தேசிய ஓவியக்கூடம் அதனை வாங்கியது. அதில் ஒரு கை, வதைப்பதற்கென அமைத்து முறிந்துபோன சக்கரத்தின்மேல் தங்கியிருக்கின்றது. மறு கையின் விரல்கள் மறைசாட்சியின் குருத்தோலையை, ஒரு தூரிகையைப் பற்றுவது போல மெல்லப் பற்றியிருக்கின்றன.